கருநீலத் துணியில் ஐந்து வட்டம்

குருவுக்கு முப்பத்து நான்கு வயது. சிஷ்யைக்கு அறுபத்தொன்று.

குருவின் பெயர் பல்கீஸ். தூத்துக்குடியில் கடலுக்குப் போகும் ஒரு தெருவில், தன் வீட்டு மாடி அறையில், புதன்கிழமைதோறும் பெண்களுக்குத் துணிப்பூ தைக்கச் சொல்லிக்கொடுப்பாள். சேலைத் தோளிலும் துப்பட்டாவிலும் குத்திக்கொள்கிற ப்ரோச். பூப்போட்ட துணியை டம்ளர் வாயளவுக்கு வட்டமாக வெட்ட வேண்டும். இரண்டாக மடித்து, மறுபடி மடித்து, அடியில் நூல் ஓட்டிச் சுருக்கினால் ஓர் இதழ். ஐந்து இதழைக் கோத்து நடுவில் ஒரு பொத்தானை வைத்தால் பூ. பின்னால் கனத்த துணி ஒட்டி, அதில் ஊசியைத் தைத்துவிட்டால் வேலை முடிந்தது.

சிஷ்யையின் பெயர் சௌந்தரவல்லி. முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவர். அதில் கடைசி ஒன்பது வருடம் தலைமை ஆசிரியை. ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்கு அவர் டீச்சர்தான். பல்கீஸும் அவரை டீச்சர் என்றே அழைத்தாள். அவர் அவளை 'பல்கீஸ்' என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தன்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதானே என்ற நினைப்பு.

வகுப்பில் மொத்தம் ஆறு பேர். அவர்களில் ஜெசிந்தா என்று ஒருத்தி. மார்க்கெட்டில் கருவாடு விற்பவள். அவளோடு டீச்சர் அதிகம் பேசியதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. அவளிடம் பேச என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டார், அவ்வளவுதான்.

ஒரு புதன்கிழமை ஜெசிந்தா பாலித்தீன் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து மேசைமேல் விரித்தாள். கருநீலம். அதில் சின்னச் சின்னதாக வெள்ளைச் சிப்பிகள் அச்சிட்டிருந்தன. பலமுறை துவைத்து மெத்தென்று ஆன துணி. அதைக் கண்டதும் டீச்சரின் கை நின்றது.

அந்தச் சனிக்கிழமை அவருடைய பள்ளிக்குப் பொன்விழா. கருநீலச் சேலை எடுத்துவைத்திருந்தார். அதற்கு ஏற்ற பூ அமையவில்லை. இந்தத் துணியில் தைத்தால் அமைந்துவிடும்.

அடுத்த வாரம் வெட்டலாம் என்று ஜெசிந்தா துணியை மடித்துப் பையில் வைத்தாள். பதினொன்றரைக்கு எல்லோரும் டீ குடிக்கக் கீழே இறங்கினார்கள். டீச்சர் கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொல்லி மறுபடி மாடிக்கு ஏறினார்.

கேட்டால் ஜெசிந்தா கொடுப்பாள் என்று அவருக்கு அப்போதே தெரியும். கேட்கத்தான் வாய் வரவில்லை. ஒரு கருவாட்டுக்காரியிடம் போய், 'உன் துணியில் கொஞ்சம் கொடு' என்று எப்படிக் கேட்பது.

இடது கையில் கத்தரியை எடுத்தார். கொஞ்சம்தானே என்று சொல்லிக்கொண்டார். அவசரத்தில் கத்தரி ஓரத்தை விட்டு உள்ளே போய்விட்டது. வெட்டியதைச் சுருட்டிக் கைப்பையில் போட்டு, மிச்சத்தைப் பழையபடி மடித்துப் பாலித்தீன் பைக்குள் வைத்துவிட்டு இறங்கினார். டீ இன்னும் ஆறியிருக்கவில்லை.

சனிக்கிழமை அந்தப் பூவைத் தோளில் குத்திக்கொண்டு பொன்விழாவுக்குப் போனார். நான்கு பேராவது கேட்டிருப்பார்கள்.

"நீங்களே தைச்சதா டீச்சர்?"

"பின்னே?" என்றார் அவர்.

அடுத்த புதன்கிழமை ஜெசிந்தா துணியை விரித்தாள். விரித்தபடியே நின்றாள்.

"என்னாச்சு?" என்றாள் பல்கீஸ்.

"நடுவுல யாரோ வெட்டியிருக்காங்க."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். டீச்சரும் பார்த்தார்.

"கட்பீஸ் கடையில தேடினா இதே மாதிரி கிடைக்குமே," என்றாள் ஒருத்தி.

"கிடைக்காது. இது அவர் சட்டை," என்றாள் ஜெசிந்தா.

அவள் கணவன் கடலுக்குப் போய் ஏழு வருடம் ஆகிறது. படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. வகுப்பில் இருந்த பாதிப் பேருக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

"முன்பக்கத்தை அப்பவே கரித்துணியாக்கிட்டேன். பழைய சட்டைதானேன்னு. அவரு திரும்பி வரமாட்டாருன்னு யாருக்குத் தெரியும்? முதுகுப்பக்கம் மட்டும் பெட்டிக்கு அடியில கிடந்துச்சு," என்றாள். அழவில்லை. விலை சொல்வதுபோல ஒரே சீராகச் சொன்னாள். "அடுத்த மாசம் மகளுக்குக் கல்யாணம். அவ தோள்ல ஒரு பூ, எனக்கு ஒரு பூ. பத்து வட்டம் சரியா வரும். டம்ளரை வச்சு அளந்து பாத்துட்டுத்தான் கொண்டுவந்தேன். இப்ப மூணுதான் தேறும்."

பிறகு ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்.

"பேச்சியைக் கேட்டா என்ன?"

பேச்சி அறையைப் பெருக்கி, டீ டம்ளர்களைக் கழுவி வைப்பவள். கூப்பிட்டதும் ஈரக் கையோடு வந்து நின்றாள். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று மற்றவர்கள் தயங்கினார்கள். எல்லோருடைய கண்ணும் டீச்சர் பக்கம் திரும்பியது. இப்படிப்பட்ட விசாரணையெல்லாம் அவருக்குப் பழக்கம்தானே.

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் வாய் தானாகத் திறந்தது.

"எடுத்திருந்தா சொல்லிடு பேச்சி. யாரும் உன்னை ஒண்ணும் செய்யமாட்டாங்க."

பேச்சி அவரைப் பார்த்தாள்.

"நான் மேசையைத் தொடமாட்டேன் டீச்சர். எனக்குத் தரை மட்டும்தான்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

பல்கீஸ் துணியை வாங்கி, வெட்டுப்பட்ட ஓரத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். மடித்து ஜெசிந்தாவிடம் கொடுத்தாள்.

"இன்னைக்கு இதோட போதும்," என்றாள்.

வீட்டுக்கு வந்த டீச்சர் பீரோவைத் திறந்து பூவைப் பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார். பள்ளியில் யாரோ ஒரு பையன் பென்சில் திருடினான் என்று அவனை மத்தியானம் வரை வெயிலில் நிற்கவைத்தது நினைவுக்கு வந்தது. அவன் பெயர் நினைவில்லை. கடைசிவரை எடுக்கவில்லை என்றுதான் சொன்னான்.

சோறு இறங்கவில்லை. படுத்தால் கண் மூடவில்லை. 'மேசையைத் தொடமாட்டேன்' என்ற குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. வியாழன் போயிற்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் பூவை ஒரு கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பல்கீஸ் வீட்டுக்கு நடந்தார்.

பல்கீஸ் தனியாக உட்கார்ந்து ஒரு துப்பட்டாவுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சர். உக்காருங்க."

டீச்சர் கைக்குட்டையை மேசைமேல் வைத்துப் பிரித்தார்.

"ஒருத்தங்க என்கிட்ட இதைக் குடுத்தாங்க. தெரியாம எடுத்துட்டாங்களாம். ஜெசிந்தாகிட்ட சேர்த்துடச் சொன்னாங்க."

பல்கீஸ் பூவை எடுத்துப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். கீழே வைத்தாள்.

"எடுத்தவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள்.

டீச்சர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை.

"நல்லா இல்ல."

"சாப்பிடுதாங்களா?"

"இல்ல."

"தூக்கம்?"

"ரெண்டு நாளா இல்ல."

பல்கீஸ் துப்பட்டாவில் ஊசியைக் குத்தி இழுத்தாள். நூல் முழுவதும் வெளியே வந்தது.

"தெரியாம எடுத்ததுன்னா தூக்கம் வந்திருக்குமே."

தெருவில் ஐஸ் ஏற்றிய வண்டி ஒன்று கடகடவென்று போனது. அந்தச் சத்தம் அடங்கும் வரை டீச்சர் காத்திருந்தார்.

"நான்தான்," என்றார். "தெரிஞ்சேதான் எடுத்தேன், டீச்சர்."

பல்கீஸை அவர் அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை. அழைத்த பிறகுதான் அவருக்கே அது உறைத்தது.

"தெரியும்," என்றாள் பல்கீஸ்.

"எப்ப இருந்து?"

"புதன்கிழமையே. இங்க இருக்க கத்தரியெல்லாம் வலக்கைக்குச் செஞ்சது. இடக்கையில பிடிச்சா துணி நடுவுல மடங்கும். ஓரம் பல்லு பல்லா வரும். நம்ம ஆறு பேர்ல இடக்கை நீங்க ஒருத்தர்தான்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நான் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

டீச்சர் யோசித்தார். இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். அழுத்தமாக, எல்லோரும் நம்பும்படி.

"பேச்சி?" என்று கேட்டார்.

"அன்னைக்குச் சாயங்காலமே அவ வீட்டுக்குப் போனேன். நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும்னேன்."

"என்ன சொன்னா?"

"கேட்டது அத்தனை பேர் முன்னாடி, நான் எடுக்கலேங்கிறத மட்டும் வீடு தேடி வந்து காதுல சொல்லுதீங்களேன்னா. யாரு எடுத்ததுன்னு கேட்டா. அதைச் சொல்ல வேண்டியவங்க சொல்லணும்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். மேசையின் மரத்தில் டம்ளர் வைத்த வட்டத் தடங்கள். அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே ஜெசிந்தாகிட்ட குடுத்துடுங்களேன். என் பேரு மட்டும்..."

கைக்குட்டையின் ஓரத்தை மடித்தார்.

"பூவாக் குடுக்கவா, துணியாக் குடுக்கவா?" என்று கேட்டாள் பல்கீஸ்.

"பூ நல்லா வந்திருக்கு. பிரிக்கவா வேணும்?"

"பூவாக் குடுத்தா நீங்க தைச்சுக் குடுத்த பரிசு. அவங்க உங்களுக்கு நன்றி சொல்லணும்."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். பல்கீஸ் பெட்டியைத் திறந்து, தையல் பிரிக்கிற சின்னக் கருவியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பிறகு தன் துப்பட்டாவை எடுத்துக்கொண்டாள்.

டீச்சரின் தையல் கெட்டித் தையல். எங்கேயும் ஒன்றுக்கு இரண்டு முடிச்சு போடுவார். அதை வகுப்பில் பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறார். இப்போது ஒவ்வொரு முடிச்சும் அவரை எதிர்த்துக்கொண்டு நின்றது. முதலில் ஊசி வந்தது. பின்துணி பசையோடு பிய்ந்து வந்தது. பிறகு பொத்தான். பிறகு ஒவ்வோர் இதழாக. துணி கிழிந்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரித்தார். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு நூல் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு பிரித்தார். பல்கீஸ் உதவிக்கு வரவில்லை. போதும் என்றும் சொல்லவில்லை.

மாலை அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது ஐந்து வட்டங்கள் மேசைமேல் கிடந்தன. பல்கீஸ் இஸ்திரிப் பெட்டியைச் சூடுபண்ணிக் கொடுத்தாள். தேய்த்ததும் மடிப்பு போயிற்று. ஊசித் துளைகள் போகவில்லை. ஒரு வட்டத்தில் பசை ஊறி, சிப்பிகள் பழுப்பாகிவிட்டிருந்தன.

"இது ஆகாது," என்றார் டீச்சர்.

"ஆகாது," என்றாள் பல்கீஸ்.

புதன்கிழமை வந்தது. பல்கீஸ் சொல்லியனுப்பியிருந்ததால் பேச்சியும் வந்திருந்தாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வராமல் நின்றாள்.

டீச்சர் எழுந்தார். முப்பத்தைந்து வருடம் கூட்டத்தின் முன் நின்று பேசியவர். நேற்றிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன.

"ஜெசிந்தா துணியை வெட்டினது நான். கண்ணாடி எடுக்கப் போறேன்னு பொய் சொல்லிட்டு மேல வந்து வெட்டினேன். அது யாரு சட்டைன்னு எனக்கு அப்ப தெரியாது. தெரிஞ்ச பிறகும் வாயத் திறக்கல. பேச்சியை வேற கேட்டேன்."

யாரோ ஒருத்தி 'ஐயோ' என்று முணுமுணுத்தாள். மற்றவர்கள் டீச்சரைப் பார்க்காமல் மடியில் இருந்த துணியைப் பார்த்தார்கள். அவர்கள் பார்க்காதது, பார்ப்பதைவிடக் கடுமையாக இருந்தது.

டீச்சர் வாசல் பக்கம் திரும்பினார்.

"என்னை மன்னிச்சிரு பேச்சி," என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "மன்னிச்சிருங்க," என்றார்.

பேச்சி நிலையிலிருந்து கையை எடுத்தாள்.

"இனி நான் தரையைப் பெருக்கலாமா?" என்று பொதுவாகக் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

டீச்சர் ஐந்து வட்டங்களையும் ஜெசிந்தாவின் முன்னால் வைத்து, "நீங்களும் மன்னிச்சிருங்க," என்றார். பசை ஊறியது மேலே இருந்தது. அதை அடியில் ஒளித்துவைக்க மனம் வரவில்லை.

ஜெசிந்தா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பழுப்பேறியதை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தனியே வைத்தாள்.

"நாலு. இருக்கது மூணு. ஏழு வட்டம்," என்றாள். "ஒரு பூ ஆகும்."

"உங்களுக்கு?" என்று கேட்டாள் பல்கீஸ்.

"எனக்கெதுக்கு? அவளுக்கு ஆனா போதும்."

டீச்சர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். ஜெசிந்தா அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் முகத்தில் இருந்தது, புரியாத கணக்கைப் பார்க்கிற பிள்ளையின் குழப்பம்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே டீச்சர்," என்றாள்.

வகுப்பை விட்டு நின்றுவிடலாம் என்று டீச்சர் பலமுறை நினைத்தார். பல்கீஸ் வரச் சொல்லவும் இல்லை, வர வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. புதன்கிழமை ஆனால் கால் அந்தத் தெருவுக்குப் போனது. போய், ஒரு மூலையில் உட்கார்ந்து, தலை நிமிராமல் தைத்துவிட்டு வருவார். டீ குடிக்க இறங்குவதில்லை. எல்லோரும் இறங்கும்போது தானும் அறையை விட்டு வெளியே வந்து, எல்லோர் கண்ணிலும் படும்படி படிக்கட்டில் உட்கார்ந்துகொள்வார்.

கல்யாணப் பத்திரிகை அவருக்கும் வந்தது. ஜெசிந்தா வகுப்பில் எல்லோருக்கும் கொடுத்தபோது அவரைத் தாண்டிப் போகவில்லை. 'குடும்பத்தோட வாங்க டீச்சர்' என்று மற்றவர்களுக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னாள்.

மாதா கோவிலில் கடைசி வரிசையில் நின்றார். வெள்ளைச் சேலையில் மணப்பெண் நடந்து வந்தாள். இடது தோளில் கருநீலப் பூ. ஜெசிந்தா தைத்தது. ஓர் இதழ் சற்றே பெரிதாக, பொத்தான் கொஞ்சம் சாய்ந்து இருந்தது. பெண் நடக்கும்போதே கையை உயர்த்தி அதை ஒருமுறை தொட்டுக்கொண்டாள்.

பின்னால் ஜெசிந்தா வந்தாள். பட்டுச் சேலை. அவள் தோளில் ஒரு சாதாரண சேஃப்டி பின் இருந்தது.

பூசை முடியும் வரை டீச்சரின் கண் அந்தப் பின்னை விட்டு அகலவில்லை. சாப்பிடாமல் திரும்பிவிட்டார்.

அடுத்த புதன்கிழமை வகுப்பு வழக்கம்போல நடந்தது. எல்லோரும் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார்கள். ஜெசிந்தா எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். பல்கீஸ் ஒவ்வொருவரின் தையலாகப் பார்த்துக்கொண்டே வந்து, மூலையில் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டீச்சர் தணிந்த குரலில் கேட்டார்.

"டீச்சர், பிரிச்சேன். எல்லாரு முன்னாடியும் சொன்னேன். ரெண்டு பேருகிட்டயும் மன்னிப்புக் கேட்டேன். இன்னும் உடம்பெல்லாம் கூசுது. நேருக்கு நேர் யாரையும் பாக்க முடியல. இது எப்பத்தான் போகும்?"

பல்கீஸ் டீச்சரின் மடியில் கிடந்த துணியை எடுத்துப் பார்த்தாள். இலைப்பச்சையில் மஞ்சள் புள்ளி போட்டது. மூன்று இதழ் முடிந்திருந்தது. நான்காவதில் பாதித் தையலோடு நூல் அறுந்து தொங்கியது.

"இதை ஏன் பாதியில விட்டுட்டீங்க?"

"பச்சை நூல் தீர்ந்துபோச்சு."

"இங்க யார்கிட்டயும் இல்லையா?"

டீச்சர் மெல்லத் தலையைத் தூக்கினார். அறையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். ஒரு மடியில் சிவப்பு, ஒரு மடியில் வெள்ளை. ஜன்னலோரம் ஒரு பிஸ்கட் டப்பா திறந்திருந்தது. அதற்குள் அதே பச்சையில் ஒரு முழு உருண்டை.

"இருக்கு," என்றார்.

"யார்கிட்ட?"

டீச்சருக்கு முகம் சுட்டது.

"ஜெசிந்தாகிட்ட."

பல்கீஸ் துணியை அவர் மடியில் திரும்ப வைத்தாள்.

"போய்க் கேளுங்க," என்றாள்.